என் ஒரே அதிகாரம்

எங்கள் வீட்டுக்குள் யார் வேண்டுமானாலும் வரலாம். மச்சினன் பெட்டியோடு வந்தாலும் எத்தனை நாள் என்று கேட்க எனக்கு உரிமையில்லை. கொளத்தூரில் வாங்கிய வேலம்பாசி மட்டும் என் சோதனை முடியாமல் மீன்தொட்டியில் கால் வைக்க முடியாது.

“இங்க கொசஸ்தலை ஆத்துல இல்லாத பாசியா மாப்ள?” என்றார் மாமியார். 2023 டிசம்பர் மிக்ஜாம் வெள்ளத்தில் எண்ணெய்க் கசடு பூசிக்கொண்டு கூழைக்கடாக்கள் தவித்த ஆறு அது. தவிர, முகத்துவாரத்து உப்புத்தண்ணீர்ச் செடி நம் தொட்டியில் பிழைக்காது என்று விளக்குவதற்குள் அவர் சீரியலுக்குத் திரும்பிவிட்டார்.

முதலில் வேரைச் சுற்றிய பஞ்சையும் அடியில் இறுக்கிய ஈயப் பட்டையையும் எடுக்க வேண்டும். பிறகு இலையைத் திருப்பி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தால், ஜவ்வரிசிக் கஞ்சிச் சொட்டு மாதிரி ஒன்று ஒட்டியிருக்கும். நத்தை முட்டை! நன்னீர் நத்தைகளில் பல இருபால் உயிரிகள். ஒன்று நுழைந்தாலே போதும், ஜாதகப் பொருத்தம்கூடப் பார்க்காமல் குடும்பம் பெருகிவிடும்.

அதற்கு மருந்து படிகாரம்: நாலு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி, இரண்டு மூன்று மணி நேர ஊறல். வாசலில் திருஷ்டிக்குக் கட்டியதைப் பார்த்தேன். “அதுல கை வெச்சா அப்புறம் உங்களுக்குத்தான் சுத்திப் போடணும்” என்றாள் மனைவி. நாட்டு மருந்துக் கடைக்கு நடந்தேன்.

கிருமிக்குப் பொட்டாசியம் பெர்மாங்கனேட். இளஞ்சிவப்பில் பத்து நிமிடம். கருஞ்சிவப்பானால் இலை கருகும். பிளீச்சிங் கரைசல் வேலம்பாசிக்கு ஆகவே ஆகாது. என் நகமெல்லாம் பழுப்பேறியதைப் பார்த்து, “மறுபடி பீடியா?” என்று அலுவலகத்தில் ஒருவர் அக்கறையாக விசாரித்தார்.

முட்டையைச் சுற்றியுள்ள பசை படிகாரத்துக்கும் சில சமயம் மசியாது. அதனால் பொரித்து வருவதைப் பிடிக்க மூன்று வாரம் தனி வாளி; தட்டான் புழு ஒளிந்திருந்தாலும் அதில் அகப்படும். பூச்சிமருந்து மிச்சமிருந்தால் இறாலுக்கு எமன் என்பதால் தண்ணீரையும் அடிக்கடி மாற்ற வேண்டும். லாரித் தண்ணீரைக் குளோரின் போகத் திறந்து வைப்பேன். குடும்பத்தில் முதல் குடம் அதற்குத்தான்.

காலையில் குளிக்க வாளி கேட்டேன்.

“அதுல உங்க செடி இருக்கு. கொல்லையில பைப்பைத் திறந்து உக்காருங்க. அப்படியே கொஞ்சம் படிகாரமும் போட்டுக்கங்க.”