தகப்பன் குரலும் லென்ஸின் எடையும்: ஓர் ஆய்வு

சென்னையில் ஞாயிற்றுக்கிழமை காலை என்றால், ஏதாவதோர் உள்ளரங்கில் 13 வயதுக்குட்பட்டோர் பாட்மின்டன் போட்டி நடக்காமல் இருக்காது. அங்கே கேலரியில் உட்காரும் தகப்பன்மாரை இரண்டு இனமாகப் பிரிப்பது வழக்கம்: வாயால் ஆடுபவர், கேமராவால் ஆடுபவர். முதல் இனத்தைப் பற்றிப் பயிற்சியாளர்கள் விரிவாகவே பேசியிருக்கிறார்கள். அவர்கள் கையாண்ட சொற்கள் அச்சுக்கு ஆகாதவை என்பதால் அந்த அறிவுச் செல்வம் வாய்மொழியாகவே நின்றுவிட்டது. இரண்டாம் இனத்தைப் பற்றி வாய்மொழியாகக்கூட ஒன்றும் இல்லை. இக்கட்டுரை அந்தக் குறையைப் போக்க எழுந்தது.

நமது துணிபு இது: இவை இரண்டு இனமல்ல, ஒரே உயிரியின் இரண்டு பருவங்கள். வாயால் ஆடுபவரே, கையில் ஏறும் லென்ஸின் எடை கூடக் கூட, கேமராவால் ஆடுபவராக உருமாறுகிறார். லென்ஸின் எடையும் தகப்பனின் குரலும் எதிர்விகிதத்தில் நிற்கின்றன. 'நல்ல படம் வேண்டும், அதற்காகத்தான் புது லென்ஸ் வாங்குகிறார்கள்' என்பது பூர்வபட்சம். அதை மறுக்கும் முன் அதிலுள்ள நியாயத்தையும் எடுத்துச் சொல்வது முறை.

நியாயம் என்னவென்றால், உள்ளரங்கில் வெளிச்சம் கிடையாது. நண்பகல் வெயில் ஒரு லட்சம் லக்ஸை ஒட்டி அடிக்கும். சாதாரணப் பயிற்சி அரங்கில் 300 லக்ஸ் இருந்தாலே பெரிது. நம் கண் உள்ளே நுழைந்த சிறிது நேரத்தில் இந்த வித்தியாசத்தை மறந்துவிடும். கேமராவுக்கு அந்தப் பெருந்தன்மை இல்லை. போதாததற்கு, காற்றில் ஷட்டில் அலையக் கூடாது என்று சன்னல்களைச் சாத்தி, மின்விசிறிகளையும் நிறுத்தி வைத்திருப்பார்கள். தகப்பன் வியர்வையில் நனைவதும் அவர் எடுக்கும் படம் இருட்டில் முங்குவதும் ஒரே காரணத்தின் இரு விளைவுகள்.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஓடியாடும் பிள்ளையை அசையாமல் நிறுத்த ஷட்டர் வேகம் குறைந்தது 1/500 நொடி வேண்டும். கேமராவோடு சலுகை விலையில் வந்த 55-250 லென்ஸை முழு நீளத்துக்கு நீட்டினால் அபர்ச்சர் எஃப் 5.6-க்கு மேல் திறக்காது. 300 லக்ஸ் வெளிச்சத்தில் இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு படம் எடுக்க ஐஎஸ்ஓ என்ற ஒளியுணர்வு அளவு 12800 தேவைப்படும். கேமராவை ஆட்டோவிலேயே விட்டிருக்கும் தகப்பனுக்கு இது தெரியாது. கேமரா தானாகவே 1/60-க்கு இறங்கிவிடும். படத்தில் மகளின் காலணி தெளிவாக இருக்கும், முகம் ஓரளவு மகளைப் போல இருக்கும், மட்டை பிடித்த கை மட்டும் மணிக்கட்டோடு ஆவியாகிப் போயிருக்கும்.

எஃப் 5.6-லிருந்து எஃப் 2.8-க்குப் போனால் நான்கு மடங்கு ஒளி உள்ளே வரும். ஐஎஸ்ஓ 12800 என்பது 3200 ஆகும். விலை மட்டும் நான்கு மடங்கோடு நிற்பதில்லை. 70-200 எஃப் 2.8 என்ற அந்தத் தடித்த லென்ஸ், பெயர்பெற்ற கம்பெனிகளிடம் இரண்டு லட்ச ரூபாயைத் தாண்டிவிடுகிறது. இடையில் 50 எம்எம் எஃப் 1.8 என்ற குட்டி லென்ஸ் ஒன்று உண்டு. பத்தாயிரத்தை ஒட்டிய விலை, கேனானில் 160 கிராம் எடை. ஒளிக்கணக்குப்படி பார்த்தால் இதைவிட உத்தமமான முதலீடு உலகில் கிடையாது. ஆனால் ஜூம் இல்லாததால் கோர்ட்டை ஒட்டிப் போய் உட்கார வேண்டும். உட்கார்ந்தால் அம்பயர் எழுப்பிவிடுவார். நமது ஆய்வுக்கும் இந்த லென்ஸ் ஏமாற்றமே. 160 கிராம் யாருடைய குரலையும் அடக்கியதில்லை.

ஒளியின் அளவு ஒரு பிரச்சினை என்றால் அதன் குணம் இன்னொன்று. நம்மூர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் விளக்கு இரண்டு முறை உச்சம் தொடும் என்பதால், சோக் வைத்த டியூப்லைட்டும் மெட்டல் ஹாலைடும் மட்டமான எல்இடியும் நொடிக்கு 100 முறை மங்கி எரிகின்றன. கண்ணுக்கு இது தெரிவதில்லை. 1/500 நொடி மட்டும் திறந்து மூடும் ஷட்டருக்குத் தெரியும். விசையை அழுத்திப் பிடித்துத் தொடர்ச்சியாக எடுத்தால், ஒரே ஸ்மாஷில் மகள் ஒரு படத்தில் மஞ்சளாகவும் அடுத்ததில் பச்சையாகவும் அதற்கடுத்ததில் பாதி இருளிலும் வருவாள். 'சென்சார் போயிடுச்சு' என்று தகப்பன் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான். விளக்கு உச்சம் தொடும் கணத்துக்குக் காத்திருந்து ஷட்டரைத் திறக்கும் வசதியைக் கேனான் 2014-லேயே 7டி மார்க் 2 கேமராவில் கொடுத்துவிட்டது. இன்று பல கேமராக்களில் அது உண்டு. மெனுவின் ஏதோ ஒரு பக்கத்தில், அணைந்த நிலையில். அதைத் தேடிப் போடுவதைவிடப் புது கேமரா வாங்குவது சுலபம் என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை.

அடுத்து வேகம். 2023 ஏப்ரலில் ஜப்பானில் நடத்திய சோதனையில் நம் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி அடித்த ஸ்மாஷ் மணிக்கு 565 கிலோமீட்டர் என்று கின்னஸில் ஏறியிருக்கிறது. 1/1000 நொடியில் அந்த ஷட்டில் 15 சென்டிமீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். ஷட்டிலின் நீளமோ 10 சென்டிமீட்டர்கூட இல்லை. 13 வயதுக்குட்பட்டோர் போட்டியில் இந்தக் கணக்குக்கு யாதொரு தேவையும் இல்லை. எனினும் கடையில் நின்று 'என் பொண்ணு ஆடற ஸ்பீடுக்கு' என்று தொடங்கும் எந்தத் தகப்பனும் இதைச் சொல்லாமல் விட்டதில்லை.

துறையின் வரலாற்றைத் தொடாமல் போனால் கட்டுரை குறையுடையதாகும். ஓடுவதை அசையாமல் எடுக்கக் காசு கொட்டிய முதல் பெரிய மனிதர் லேலண்ட் ஸ்டான்ஃபோர்டு. ரயில்வே முதலாளி, கலிஃபோர்னியாவின் முன்னாள் ஆளுநர். 1878-இல் பாலோ ஆல்டோவில் அவருக்காக எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கேமராக்களை வரிசையாக நிறுத்தி, குதிரை ஓடும்போது தானே நூலை இழுத்து ஷட்டரை விழச் செய்யும்படி அமைத்தார். குதிரையின் நான்கு கால்களும் ஒரே நேரத்தில் தரையைவிட்டு எழும் என்பது அதில் உறுதியானது. ஸ்டான்ஃபோர்டு எடுக்கச் சொன்னது பிள்ளையை அல்ல, குதிரையை. எடுத்ததும் கலிஃபோர்னிய வெயிலில். நம் தகப்பன்மார் இந்த இரண்டு வசதியும் இல்லாதவர்கள். (இந்த மைபிரிட்ஜ் 1874-இல் மனைவியின் காதலரைச் சுட்டுக் கொன்று, பிறகு வழக்கிலிருந்து விடுதலையானவர். நம்மவர்கள் லைன் அம்பயரை முறைப்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.) அமெரிக்கக் கூடைப்பந்து அரங்குகளில் கூரையிலேயே ஃபிளாஷ் விளக்குகளைக் கட்டி எடுக்கும் பழக்கம் உண்டு. பாட்மின்டனில் அது நடக்காது. அண்ணாந்து ஷட்டிலைப் பார்க்கும் பிள்ளையின் கண்ணில் ஃபிளாஷ் அடித்தால் அடுத்து வருவது நடுவர் அல்ல, எதிரணித் தகப்பன்.

இனி நமது துணிபுக்கு வருவோம். அந்த 70-200 போன்ற 1.5 கிலோ லென்ஸ் ஒரு மனிதனின் வாயை எவ்வாறு அடைக்கிறது?

வியூஃபைண்டரில் கண் வைத்த தகப்பனுக்கு மகள் மட்டுமே தெரிகிறாள். எதிரே நிற்பவள் முன்னால் வருகிறாளா, பின்னால் போகிறாளா என்பது தெரியாது. ஷட்டில் தெரியாது, ஸ்கோர் தெரியாது. இவ்வளவும் தெரியாமல் 'கிளியர் அடி! மேல வா! டிராப் போடு!' என்று உத்தரவிடுவது அனுபவம் மிக்கவர்க்கும் அரிது. தவிர, கத்தினால் கேமரா ஆடும். மூச்சைப் பிடித்தால்தான் படம் நிற்கும். மூச்சைப் பிடித்தவனுக்கு யோசனை சொல்ல வழி இல்லை. அடுத்து, புள்ளி முடிந்ததும் அவர் குனிந்து பின்திரையைப் பெரிதாக்கிப் பார்க்கிறார். கேமரா மகளை விட்டுவிட்டு நெட்டை ஃபோகஸ் செய்திருக்கிறது. நெட்டின் ஒவ்வொரு முடிச்சையும் எண்ணிவிடலாம் போலத் துல்லியம், அதற்குப் பின்னால் மகள் ஒரு நீல மேகம். அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு செட்டிங்கை மாற்றுவதற்குள் இன்னும் இரண்டு புள்ளி போயிருக்கும். அந்த இரண்டு புள்ளிகளையும் மகள் தன் போக்கில், தன் தப்போடும் தன் சரியோடும் ஆடி முடித்திருப்பாள். புள்ளி எடுத்தவுடன் பழக்க தோஷத்தில் கேலரியை நிமிர்ந்து பார்க்கும் அவள், குனிந்திருக்கும் வழுக்கையைக் கண்டதும் தோளைத் தளர்த்துவதை நன்றாகவே பார்க்க முடிகிறது.

இது தற்செயலாக இருக்கலாமே என்று ஐயுறுவோர்க்கு, அறிவியலில் இயற்கைப் பரிசோதனை என்று ஒன்று உண்டு. மூன்றாம் கேம், 9-9. கேமராவின் பேட்டரி தீர்ந்தது. அதுவரை வாயே திறக்காத மனிதர் கண்ணை எடுத்தார், கோர்ட் முழுவதையும் கண்டார், எதிராளியின் இடப்பக்கம் காலியாகக் கிடப்பதைக் கண்டார். "பேக்ஹேண்டுக்குப் போடு! பேக்ஹேண்டுக்கு!" மகள் பேக்ஹேண்டுக்குப் போட்டாள். வெளியே விழுந்தது. மறுபடி ஒரு கட்டளை, மறுபடி ஒரு புள்ளி. 11-இல் இடைவேளை. தண்ணீர் பாட்டிலோடு கேலரிக்குக் கீழே வந்த மகள் அப்பாவைப் பார்க்காமல் அம்மாவிடம் கேட்டாள்: "அம்மா, சார்ஜர் எங்க?" பயிற்சியாளர் இன்னும் நாகரிகமாக, "சார், அடுத்த வாட்டி ரெண்டு பேட்டரியா கொண்டு வந்துடுங்க" என்றார். இதற்கு மேல் ஒரு சான்றை எந்தப் பல்கலைக்கழகமும் கேட்கலாகாது.

நிதி ஒப்புதல் பற்றிச் சில சொற்கள். "ஏங்க, பழசுல படம் விழலையா?" என்பது வீட்டில் எழும் முதல் ஆட்சேபம். தகப்பன் லேப்டாப்பில் படத்தை நான்கு மடங்கு பெரிதாக்கி, ஐஎஸ்ஓ கூடியதால் மகளின் கன்னத்தில் மணல் தூவியது போல விழுந்த புள்ளிகளைக் காட்டுவார். அம்மா பார்ப்பது புள்ளிகளை அல்ல. "ராத்திரி சரியாத் தூங்கலை போலிருக்கே பொண்ணு" என்பார். அந்தப் புள்ளிகளைத் துடைக்க 2023-லேயே லைட்ரூம் மென்பொருளில் செயற்கை நுண்ணறிவு வசதி வந்துவிட்டது, லென்ஸின் விலையோடு பார்த்தால் அது ஓசி மாதிரி என்பதைத் தகப்பன் இந்த இடத்தில் சொல்வதில்லை. மறைப்பதும் ஓர் ஆய்வு முறையே. வடபழனிப் பக்கம், சினிமாக்காரர்களுக்குக் கருவி வாடகைக்கு விடும் கடைகளில் ஆதாரைக் காட்டி ஒரு நாளைக்கு அந்த 70-200 லென்ஸை எடுத்துவந்துவிடலாம். அப்படி எடுப்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வாடகை லென்ஸோடு வரும் தகப்பன், கீறல் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் அதைப் பையிலிருந்து பாதி நேரம் எடுப்பதே இல்லை. கை சும்மா இருந்தால் என்ன ஆகும் என்பது மேலே நிறுவப்பட்டது.

துணிபுக்கு எதிரான சான்று ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். வீடியோ எடுக்கும் தகப்பன். எந்த லென்ஸைக் கொடுத்தாலும் இவர் அடங்குவதில்லை. ரெக்கார்டு பொத்தானை அழுத்தியதும் கைக்கு வேலை தீர்ந்துவிடுவதால் முழு சக்தியும் குரலுக்குத் திரும்பிவிடுகிறது. மைக்குக்கு மிக அருகே இருப்பது அவர் வாய்தான் என்பதால், வீட்டில் போட்டுப் பார்க்கும்போது ஷட்டில் சத்தமோ அம்பயர் குரலோ கேட்பதில்லை. இவர் மட்டும் கேட்கிறார். மோனோபாட் என்ற ஒற்றைக்கால் தாங்கியும் கவலைக்குரியது. லென்ஸின் எடையை அது கையிலிருந்து தரைக்கு மாற்றிவிடுகிறது. அதைப் பயன்படுத்துவோரிடம் குரல் சிறிது மீளும் அறிகுறி தெரிகிறது. இது தொடர்ந்து கவனிக்கப்பட வேண்டியது.

எடையின் மறுகோடியில் 400 எம்எம் எஃப் 2.8 நிற்கிறது. இன்றைய மாடலிலேயே ஏறக்குறைய மூன்று கிலோ, விலை பத்து லட்சத்துக்கு மேல். ஒலிம்பிக் மைதானத்து ஓரத்தில் வரிசையாக நிற்கும் அந்தப் பீரங்கி, 13 மீட்டர் 40 சென்டிமீட்டர் நீளமுள்ள பாட்மின்டன் கோர்ட்டுக்கு எதற்கும் உதவாது. கேலரியிலிருந்து எடுத்தால் மகளின் மூக்கு மட்டுமே சட்டத்துக்குள் அடங்கும். இதை ஒரு பயிற்சியாளரிடம் விளக்கியபோது அவர் மூக்கைப் பற்றிய பகுதியைப் பொருட்படுத்தவில்லை. மூன்று கிலோ என்பதை மட்டும் இரண்டு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். மாவட்டப் போட்டிக்கு ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்குமா, கிடைத்தால் மற்றப் பெற்றோர் எல்லாரும் பங்கு போட்டுக்கொள்ளத் தயார் என்றார். யார் கையில் கொடுப்பது என்று கேட்டதற்கு, கேலரியின் முதல் படியில் எழுந்து நின்று சர்வீஸ் போடச் சொல்லிக்கொண்டிருந்த ஒருவரைக் கண்ணால் காட்டினார். அவரிடம் கேமரா இல்லையே என்றதற்கு, "அதையும் சேர்த்து எடுத்துடலாம் சார்" என்றார்.