பனையைச் செய்யும், பிள்ளை

யாழ்ப்பாணத்தில் வடிவமைப்புப் படிக்கும் பிள்ளை இறுதிச் செயற்றிட்டத்துக்குத் தலைப்புத் தேடுகிறதா? மண்டையை உடைக்கத் தேவையில்லை. மேற்பார்வையாளரின் பயமே தேடித் தந்துவிடும்.

பிள்ளை முதலில் ஒரு தாளில் நாலு தலைப்பு எழுதிக்கொண்டு போகும்.

சுன்னாகத்துக் கிணறு. மின்நிலையத்துக் கழிவெண்ணெய் நிலத்தடி நீரில் கலந்து, அள்ளிய வாளியில் எண்ணெய்ப் படலம் மினுங்கிய கதை. வற்றாத ஆறு இல்லாத குடாநாட்டில் சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் உயிர். 2019இல் உயர் நீதிமன்றமே மின்நிலைய நிறுவனத்தை 20 மில்லியன் ரூபா நட்டஈடு கட்டச் சொன்னது. "உது வழக்குச் சாமான், பிள்ளை. வேண்டாம்."

1981 ஜூன் 1இல் எரிந்த யாழ். பொது நூலகம், ஏறத்தாழ 97,000 நூல்கள்? "திருப்பிக் கட்டி வெள்ளையும் அடிச்சாச்சு. இன்னும் ஏன் கிண்டுறீர்?"

வலிகாமம் வடக்கில் இராணுவ முட்கம்பிக்குள் அகப்பட்ட காணிகள்? "படம் எடுக்கப் போய் மாட்டுப்படுவீர்."

நினைவுத்தூபி? பதில் வராது, கதவுதான் சாத்தப்படும். 2021 ஜனவரி 8 இரவு, யாழ். பல்கலைக்கழக வளவுக்குள், போரில் மாண்டோருக்கான முள்ளிவாய்க்கால் நினைவுத்தூபியை இயந்திரம் விட்டு இடித்தார்கள். மாணவர்கள் பட்டினி கிடந்த பிறகுதான் திரும்ப அடிக்கல் வைத்தார்கள்.

கடைசியில் தீர்ப்பு: "பனையைச் செய்யும். ஒருத்தருக்கும் நோகாது."

கண்காட்சிக்குப் போய்ப் பாருங்கள். பனையோலை விளக்கு, பனையோலைப் பை, நுங்கு வடிவில் நாற்காலி. நாடா வெட்ட வந்தவர் "எங்கட பண்பாடு" என்று கண்கலங்கிவிட்டுப் போத்தல் தண்ணீர் குடிப்பார். கிணற்றுத் தண்ணீரில் அவருக்கும் நம்பிக்கையில்லை.

பனைக்கு நோகாது என்று யார் சொன்னது? போர்க்காலத்தில் அதன் தலையைச் செல் கொய்தது. உடலைத் தறித்துப் பங்கருக்கும் காவலரணுக்கும் அடுக்கினார்கள். கண் திறந்து பார்க்கிற பிள்ளை பனையைத் தொட்டாலும் கையில் போர்தான் ஒட்டும். செல் விழாத தலைப்பு இந்த மண்ணில் எது?

ஆசிரியப் பெருமக்களே, ஊரின் நோவைக் கண்டு அதற்கு வழி செய்யத்தான் வடிவமைப்பு. நோவை வெளியே நிறுத்திவிட்டு நீங்கள் சொல்லிக்கொடுப்பது கலியாணப் பந்தல் சோடனை. பிள்ளை கொண்டுவந்த முதல் தாளிலேயே கையெழுத்து வையுங்கள். பயமென்றால், பயம் என்று அந்தத் தாளிலேயே எழுதுங்கள். அதுவும் நல்ல தலைப்புத்தான்.