மூலையில் ஓடும் எண்

கார்டுக்காரரிடம் சைபர்பங்க் 2077 எப்படி என்று கேட்டுப் பாருங்கள். "ஃபோர்கே-யில் 240 போகுது" என்பார். கதை எப்படி என்று கேட்டால் முழிப்பார். 2020 டிசம்பரில் வந்த ஆட்டம். ஊரில் பாதிப்பேர் அதை முடித்துவிட்டுக் கல்யாணமும் பண்ணிக்கொண்டுவிட்டார்கள். இவர் அதில் பார்த்ததெல்லாம் கார்டைச் சோதிப்பதற்கென்று உள்ளேயே வைத்திருக்கும் ஒரு துண்டுக் காட்சியை மட்டும்தான். கேமரா ஒரு மதுக்கூடத்துக்குள் ஊர்ந்து, தெருவுக்கு வரும். சற்று நேரத்தில் மதிப்பெண் பட்டியல் வந்துவிடும். அந்த மதுக்கூடத்தில் எந்த மூலையில் எந்த விளக்கு மின்னும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார். கதாநாயகனின் பெயர் ஒரே ஓர் எழுத்து, 'வீ'. அது மட்டும் தெரியாது.

கொல்கத்தா லேக் மார்க்கெட் பக்கம் மூன்றாம் மாடியில் குடியிருப்பு, சால்ட் லேக் செக்டர் ஃபைவில் வேலை. கையில் இருப்பது என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 5090 கிராஃபிக்ஸ் கார்டு. 2025 ஜனவரி 30-ல் கடைக்கு வந்தது. இந்தியாவில் அறிவித்த விலை 2,14,000 ரூபாய். சாந்தினி மார்க்கெட்டில் கடைக்காரர் சொன்ன விலை ஒன்று, வீட்டில் இவர் சொன்ன விலை இன்னொன்று. அதற்குள் நாம் தலையிட வேண்டாம்.

திரையின் இடது மூலையில் பச்சை எழுத்தில் ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருக்கும்: நொடிக்கு எத்தனை ஃபிரேம், எத்தனை டிகிரி, எத்தனை வாட். கீழே 'ஒன் பர்சன்ட் லோ' என்று ஒன்று. ஓட்டம் தடுக்கி விழும் இடங்களில் வேகம் எவ்வளவு என்று காட்டுவது. வேறு ஏதாவது ஆட்டத்தில் யாராவது துப்பாக்கியோடு எதிரே வந்து நின்றாலும் இவர் பார்வை அந்த மூலையைவிட்டு நகராது. சுட்டுச் சாகடித்துவிட்டுப் போவான். இவர், "பாத்தீங்களா, வெடிச்சப்பக்கூட 180-க்குக் கீழே இறங்கல" என்பார்.

விருந்தாளிகளுக்கு ஒரு தேர்வும் உண்டு. அமைப்பை மாற்றிவிட்டு, "இது 190. இப்ப இது 240. தெரியுதா?" என்பார். காபி இன்னும் வரவில்லை என்பதால் எல்லோரும் "ஆமாமா, நல்லாத் தெரியுது" என்பார்கள். சென்னையிலிருந்து வந்த பெரியப்பா மட்டும், "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குடா" என்று சொல்லிவிட்டார். அடுத்த அரைமணி நேரம் பெரியப்பாவின் கண்புரையைப் பற்றிப் பேச்சு.

அந்த 240-ன் ரகசியத்தை அவரே சொல்ல மாட்டார். சைபர்பங்க்கில் பாத் டிரேசிங் என்று ஒரு வசதி 2023 ஏப்ரலில் வந்தது. ஒளி எங்கே பட்டு எங்கே திரும்புகிறது என்று கணக்குப் போட்டே முழுக் காட்சியையும் வரையும் முறை. மழை நனைத்த தெருவில் விளக்கு பிரதிபலிப்பதைப் பார்த்தால் வாய் பிளக்கத்தான் வேண்டும். ஆனால் ஃபோர்கே-யில் அதைச் சொந்த பலத்தில் வரையச் சொன்னால் இத்தனை விலை கொடுத்த கார்டும் 30-ஐ ஒட்டித் தடுமாறும். டிஎல்எஸ்எஸ் 4 என்ற என்விடியாவின் வித்தை வந்து கைகொடுக்கிறது. சின்னதாக வரைந்து பெரிதாக்கும். பிறகு கார்டு உண்மையாக வரைந்த ஒவ்வொரு ஃபிரேமுக்கும் பக்கத்தில் மூன்றுவரை ஊகித்துச் செருகும். கண்ணுக்கு வழுக்கிக்கொண்டு போகும், ஆனால் மவுசை அசைத்தால் பதில் வருவது உண்மை ஃபிரேமின் வேகத்தில்தான். ஆடுகிறவனுக்கு இது கையில் உறைக்கும். ஆடாதவருக்கு என்ன?

இதே வித்தையால் அவரும் ஒருமுறை அடிபட்டார். அப்போது அவரிடம் இருந்தது 4090. 2025 ஜனவரி 7, நம் நேரத்துக்குக் காலை. லாஸ் வேகஸ் மேடையில் என்விடியா தலைவர் ஜென்சன் ஹுவாங் பளபளக்கும் ஜாக்கெட்டில் ஏறி, 549 டாலர் 5070 கார்டே 4090-ன் வேகத்தைத் தரும் என்றார். செருகிய ஃபிரேம்களையும் சேர்த்துப் போட்ட கணக்கு அது. "அதெல்லாம் பொய் ஃபிரேம்!" என்று கார்டுக்காரர் ஒரு வாரம் கொதித்தார். 5090 வீட்டுக்கு வந்த மறுநாளிலிருந்து பொய் ஃபிரேம் என்ற பேச்சே கிடையாது.

வேகம் ஏறியது உண்மை. ஃபோர்கே-யில் பழையதைவிடக் கால்பங்குக்குச் சற்று மேல். மின்சாரமும் கூடவே ஏறியது: 450 வாட்டிலிருந்து 575. மொத்தக் கணினியும் முழுமூச்சில் ஓடினால் சின்ன ரூம் ஹீட்டர்தான். கொல்கத்தா மே மாதப் புழுக்கத்தில் அந்த அறைக்குள் யாரும் போவதில்லை. ஜனவரியில்தான் வேடிக்கை. தெருவே ஜன்னலைச் சாத்திக்கொண்டு மங்கி கேப்புக்குள் ஒடுங்கும்போது இவர் வீட்டு ஜன்னல் மட்டும் விரியத் திறந்திருக்கும், கார்டு இரண்டு டிகிரி இறங்க வேண்டுமென்று. மனைவி ஷாலைப் போர்த்திக்கொண்டு நடுங்க, அவர் மூலையைப் பார்த்து, "அறுபத்தொண்ணு!" என்பார்.

கார்டுக்கு மின்சாரம் தரும் செருகியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 600 வாட் தாங்கும் என்று சொல்லப்படும் பதினாறு முனைச் செருகியில் 575 வாட் ஓடுகிறது. 2022 அக்டோபரில் 4090 வந்த புதிதிலேயே சிலருக்கு அது உருகிற்று. சரியாக அழுத்திச் செருகாததுதான் பெரும்பாலும் காரணம் என்றது என்விடியா. 5090-லும் உருகிய படங்கள் வந்தன. அதனால் இவர் சனிக்கிழமைதோறும் டார்ச் அடித்து, கழற்றி, மறுபடி செருகுகிறார். அந்தச் செருகி சுமார் முப்பது முறை கழற்றி மாட்டத்தான் கணக்கு என்று யாரோ சொன்னதிலிருந்து டைரியில் எண்ணிக்கை எழுதுகிறார். கழற்றுவதை நிறுத்தவில்லை. செப்டம்பரில் விஸ்வகர்மா பூஜைக்கும் பின்னால் ஆயுத பூஜைக்கும் சந்தனம் உண்டு, பீரோ மேல் இருக்கும், கார்டு வந்த அட்டைப்பெட்டிக்கு.

இதெல்லாம் அவர் பணம், அவர் கரண்ட் பில். கோபம் வருவது வேறொன்றுக்கு. கீழ்வீட்டுப் பையன், முதலாண்டு பி.காம்., வாலரண்ட் ஆட ஒரு கார்டு கேட்டான். அவனிடம் இருந்தது சாதாரண 1080 திரை. 299 டாலருக்கு வந்த 4060 தாராளமாகப் போதும். எட்டு ஜிபி நினைவகம். 115 வாட்தான் இழுக்கும், ஐந்தைச் சேர்த்தால்தான் இவருடைய ஒன்று. "எட்டு ஜிபியா? அதை வச்சு என்ன பண்ணுவ?" என்று கார்டுக்காரர் சிரித்தார். பையன் முகம் சுண்டிப்போய், அப்பாவை நச்சரித்து இரண்டு மடங்கு விலையில் வாங்கினான். அதற்குப் பவர் சப்ளை போதவில்லை, அதையும் மாற்றினார்கள். அந்த வீட்டில் சம்பாதிக்கிறவர் ஒருவர். வாலரண்ட் இப்போதும் அதே வாலரண்ட்தான். பையனுக்கும் மூலையில் எண் பார்க்கிற வியாதி தொற்றிவிட்டது.

ஆனால் எதிர்வீட்டுப் பெண் விஷயத்தில் இவரைக் குறை சொல்ல வாய் வராது. ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலை படிக்கிறாள். மறுநாள் சமர்ப்பிக்க வேண்டும், லேப்டாப்பில் முப்பரிமாணப் படம் வரையும் பிளெண்டர் ராத்திரி முழுக்க ஓடியும் முடியாது. பதினொரு மணிக்கு "காகு" (சித்தப்பா) என்று கதவைத் தட்டினாள். தூக்கக் கலக்கத்தோடு எழுந்து வந்தவர், நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார். கார்டுக்கு அன்றுதான் நிஜமான வேலை. லேப்டாப் மணிக்கணக்கில் முனகிய படம் சில நிமிஷங்களில் வந்து விழுந்தது. அவள் நன்றி சொல்ல வாயெடுத்தபோது கார்டுக்காரர் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் தெளிவில்லை.

"முப்பத்திரெண்டுல பதினொரு ஜிபிதான் நிரம்பியிருக்கு. கட்டடத்தைச் சுத்தி இன்னும் கொஞ்சம் மரம் வையேன்."