சம்பளச் சீட்டு சந்நிதிக்கு ஒரு விண்ணப்பம்

வீட்டுக் கடன் பிரிவில் எழுந்தருளியிருக்கும் கிளை மேலாளர் அவர்களுக்கு,

போன செவ்வாய்க்கிழமை தங்கள் கண்ணாடி அறையில் தரிசனம் தந்தீர்கள். கோப்பைத் திறக்கும் முன்பே, "இப்ப வேலைக்கு எதுவும் போறதில்லையா சார்? சும்மாதான் இருக்கீங்களா?" என்று திருவாய் மலர்ந்தீர்கள். வெளியே சோபாவில் காத்திருந்தவர்களுக்கும் கேட்கும்படி மலர்ந்தது கூடுதல் அருள்.

மூன்று ஆண்டு வருமான வரிக் கணக்கு, உத்யம் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம் எல்லாம் தட்டில் வைத்து நீட்டினேன். வருமான வரிச் சட்டத்தின் 44ஏடிஏ பிரிவில் வரி கட்டிய நான் கணக்குப் புத்தகமே வைத்திருக்க வேண்டியதில்லை. ஆனாலும் வங்கியில் கேட்பார்களே என்று ஆடிட்டருக்குக் காசு கொடுத்து இலாப நட்டக் கணக்கும் எழுதி வாங்கி வந்தேன். முதலில் ஒன்றையும் தாங்கள் தொடவில்லை. "சேலரி ஸ்லிப் எங்க சார்?" என்றீர்கள்.

அப்போதுதான் தங்கள் தலத்தின் மகிமை எனக்கு விளங்கியது. மூலவர், சம்பளச் சீட்டு. உற்சவர், படிவம் 16. ஜூன் மாதம் ஒருமுறை புறப்பாடு. வரிக் கணக்கெல்லாம் வாசலில் செருப்புக் காவல். சொந்தமாகத் தொழில் செய்கிறவனுக்குக் கொடிமரம் வரைக்கும்தான் அனுமதி.

இருக்கட்டும். எனக்குப் பக்கத்து நாற்காலியில் ஒரு தம்பி இருந்தாரே, அம்பத்தூர் எஸ்டேட்டில் பிரஸ் ஷாப்பில் வேலை பார்ப்பவர்? அவருடைய மூன்று சீட்டுகளையும் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கி, "இது பக்கா!" என்றீர்கள். அந்தச் சீட்டுகளை அடித்தது நான். பேசிக், எச்ஆர்ஏ, பிஎஃப் 12 விழுக்காடு, இஎஸ்ஐ 0.75 என்று வரி வரியாகப் போட்டு, என் வீட்டு பிரின்டரில் எடுத்தது. ஆபீசில் மற்றவர்களின் சம்பளக் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தவன், அதையே தனியாகச் செய்யலாம் என்று வெளியே வந்தேன். இன்று அந்த எஸ்டேட்டில் பல பட்டறைகளுக்கு மூலவரைச் செதுக்கிக் கொடுக்கும் ஸ்தபதி நான். சிலைக்குத் தீபாராதனை, ஸ்தபதிக்கு "சும்மாதான் இருக்கீங்களா?"

என் வாடிக்கையாளர்களில் பலர் என் கட்டணத்தில் 10 விழுக்காட்டைப் பிடித்து வருமான வரித் துறைக்குக் கட்டுகிறார்கள். 26ஏஎஸ் அறிக்கையைத் திறந்தால் யார் எவ்வளவு கொடுத்தார் என்பது பளிச்சென்று தெரியும். நான் பிழைப்பது டெல்லிக்குத் தெரிந்திருக்கிறது. வரவில் பாதியை வருமானமாகக் காட்டினால் போதும் என்று சட்டம் சொன்னதால் பாதியைக் காட்டினேன். தாங்களோ அந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு, அதிலும் பாதிக்கு மேல் இஎம்ஐ போகக் கூடாது என்று கால்குலேட்டரைத் தட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினீர்கள்.

ஒன்று கேட்கிறேன். சம்பளச் சீட்டு என்றால் என்ன? ஒரே ஒரு வாடிக்கையாளர் இருக்கிறார் என்பதற்கான அத்தாட்சி, அவ்வளவுதானே? அந்த ஒருவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் எச்ஆர் அறைக்குக் கூப்பிட்டு அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டால் கதை முடிந்தது. 2020இல் சீட்டு கையில் இருந்தும் பாதிச் சம்பளத்தோடு வீட்டில் உட்கார்ந்தவர்களை நான் பார்த்தேன். அந்தப் பாதியைக் கணக்குப் போட்டவனே நான்தான். எனக்கு ஒரு பட்டறை மூடினால் மற்றவை இருக்கும். மாதா மாதம் 7ஆம் தேதிக்குள் சம்பளம், 15ஆம் தேதிக்குள் பிஎஃப், இஎஸ்ஐ என்று நாயாய் ஓடுகிறவனைப் பார்த்து, ஊர் கேட்கச் சும்மா இருக்கிறாயா என்று கேட்க உங்களுக்கு எப்படி ஐயா வாய் வந்தது?

மன்னிக்க வேண்டும். சந்நிதியில் குரலை உயர்த்திவிட்டேன்.

தாங்கள் அருளிய பரிகாரத்துக்கு வருகிறேன். "ஏதாவது ஒரு கம்பெனியில மூணு மாசம் சேர்ந்துட்டு வாங்க சார், முடிச்சிடலாம்" என்றீர்கள். மூன்று ஆண்டு வரி கட்டியதைவிட மூன்று மாதம் கைகட்டி நிற்பது உசத்தி என்ற அந்தத் தத்துவத்துக்கு என் நமஸ்காரம். அந்தத் தம்பியின் முதலாளியிடமே சொன்னேன். சிரித்துவிட்டு, அக்கவுன்ட்ஸ் எக்ஸிகியூட்டிவ் என்று போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டார். இப்போது நான் சம்பாதிப்பதில் பாதிதான் தருவாராம். பரவாயில்லை, மூலவர் சிறியவரானாலும் சக்தி குறையாது அல்லவா?

எனவே என் முதல் சம்பளச் சீட்டை நானே தயாரித்து, நானே சரிபார்த்து, என்னிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிறேன். ஒரே ஒரு சந்தேகம்: சொந்தத் தொழில்காரனுக்கு வட்டி கொஞ்சம் கூடுதல் என்றீர்கள். வருமானம் பாதியாகிவிட்டபின் எனக்குக் குறைந்த வட்டிதானே?

இப்படிக்கு,
கொடிமரத்தடியில் காத்திருக்கும்
தங்கள் பக்தன்