வாசலில் நிற்கும் சாட்சி

கேள்வி: பழங்காலத் தேவாலயங்களைக் கட்டியவர் யார், எப்போது கட்டினார் என்பதைக் கிரேக்கக் கல்வெட்டுகள் சொல்கின்றனவா?

பதில்: பெயரோடும் ஆண்டோடும் சொல்கின்றன. தெற்குச் சிரியாவின் எஸ்ரா ஊரிலுள்ள புனித ஜார்ஜ் தேவாலயத்தின் வாசல் உத்தரம், அதாவது நிலைக்கு மேலே கிடத்தப்பட்ட கல், பேய்கள் குடியிருந்த இடம் இறைவனின் இல்லமானதையும், தியோமேதெஸின் மகன் யோவான் தம் சொந்தப் பொருளால் அதை எழுப்பியதையும், புனிதர் அவருக்குக் கனவில் அல்லாமல் நேரிலேயே தோன்றியதையும் பதிவுசெய்கிறது. அதிலுள்ள 410 என்னும் ஆண்டு, ரோமானியர் அரேபிய மாகாணத்தை அமைத்த கி.பி. 106-ஐ முதலாண்டாகக் கொண்டு எண்ணப்பட்டதால், கி.பி. 515-ஐக் குறிக்கும். ஆகவே, யோவானைத் தேடிக் கல்லறைக்குப் போக வேண்டியதில்லை. 1,500 ஆண்டுகளாக அவர் வாசலிலேயே நின்று வருவோரை வரவேற்கிறார்.