பூட்டனைத் தேடும் பேராண்டிக்கு

வாடா பேராண்டி. பூட்டனுக்குத் தோட்டப் பதிவேட்டுல ஒரு பேரு, அடையாள அட்டையில ஒரு பேரு, கல்லறையில இன்னொண்ணுன்னு மூஞ்சியைத் தொங்கப்போட்டுக்கிட்டுத் திரியிறியாமே. எச்சிலைக் குப்பியில துப்பி வெளிநாட்டுக்கு அனுப்பினியாம். நீ தென்னிந்தியன்னு பதில் வந்துச்சாம். அதை வீட்டுக் கண்ணாடி ஓசியிலேயே சொல்லியிருக்குமேடா!

இந்தக் கோல சிலாங்கூர் பக்கம் எதுடா சொந்தப் பேருல இருக்கு? பத்தாங் பெர்ஜுந்தாய் 2007-ல பெஸ்தாரி ஜெயா ஆயிருச்சு. பழைய பேருக்கு அர்த்தம் என்னன்னு உங்க அத்தைகிட்ட கேட்டுடாதே. அங்க ஒரு தோட்டத்துப் பேரு தென்னமரம். 1917-ல ஃபோகோனியே துரை அங்க நட்டதோ செம்பனை, நாட்டுலயே முதல் வணிகத் தோட்டம். ஊரை விடு, ஆளுங்களும் அப்படித்தான்: மலாயா கம்யூனிஸ்ட் கட்சித் தலைவன் லாய் டெக் பேரே பொய்தான். 1942-ல பத்துமலையில கூடின சொந்தத் தோழர்களையே ஜப்பான்காரன்கிட்ட காட்டிக்கொடுத்துட்டு, 1947-ல கட்சிப் பணத்தோட கம்பி நீட்டினான். உன் பூட்டன் எவ்வளவோ தேவலை.

1910-ல ஒப்பந்தக் கூலி முறை நிக்கிற வரைக்கும், தோட்டத்தை விட்டு ஓடினா செயிலு. ஓடினவன் அடுத்த தோட்டத்துல பழைய பேரையா சொல்லுவான்? ஆள் எண்ணுற பெரட்டுல தோட்டத்துக் கிராணி பேரைக் கூப்பிட்டா ‘இருக்கேன்’னு ஒரு குரல் வந்தாப் போதும். அவசரகாலத்துல, 1948-ல, படமும் கைநாட்டும் வச்சு அடையாள அட்டை குடுத்தான் பாரு, அதோட பொய்ப் பேருக்கும் சர்க்கார் முத்திரை விழுந்துருச்சு.

அதனால காகிதத்தை மூடி வை. பேரை மாத்தினவன் குலசாமியை மாத்தியிருக்க மாட்டான். எந்த மாசம் எந்தச் சாமிக்குச் சேவல் அறுத்தான், கோவத்துல எந்த ஊர்ப் பேச்சு வந்துச்சுன்னு வெத்தலை இடிக்கிற கிழவிகளுக்குத் தெரியும். நேராக் கேட்டா வாயைத் தொறக்க மாட்டாளுங்க. தப்பாச் சொல்லு. ‘பூட்டன் தஞ்சாவூராமே’ன்னு போடு. ‘எந்தக் கட்டையில போறவன் சொன்னான்’னு பொங்கி, ஊரு, தெரு, வாய்க்கால் வரைக்கும் கொட்டிருவாளுங்க.

ஊரு கெடைச்சதும் பழத்தட்டோட ஓடிப்போய் நிக்காதே. அங்க அவனுக்கு ஒரு பொண்டாட்டி இருந்திருப்பா. ஆளு செத்துட்டான்னு எழுதிக் குடுத்து, அவ பிள்ளைங்க காணிக்குப் பட்டாவும் வாங்கியிருப்பானுங்க. ‘அவரு புக்கிட் ரோத்தான்ல சாகுற வரைக்கும் பால் வெட்டினாரு’ன்னு நீ போய் நின்னா, கட்டிப்பிடிச்சு அழுவானுங்கன்னா நெனைக்கிற? மொதல்ல அவனுங்க வக்கீல் யாருன்னு விசாரிச்சுக்கிட்டுக் கெளம்பு.