மருமகன் நாய் வாங்குதாரு

வாங்கு மருமகனே, தாராளமா வாங்கு. வீடு கட்டியாச்சு. கேட்டுல ரெண்டு பக்கமும் சிங்கமுகம் வச்சாச்சு. வாசல்ல கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டின வண்டி நிக்குது. பாக்கி என்ன? ஒரு நாய். அதுவும் சும்மா நாய் இல்ல, தெருவுல போறவன் பாத்ததும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு எதிர்சாரிக்கு மாறணும், அப்படி ஒரு நாய். ராட்வைலர்னு சொன்னே. பேரைச் சொல்லும்போதே உன் நெஞ்சு ரெண்டு விரக்கடை முன்னால வந்துச்சு. பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்.

நான் தடுக்கல. தாய்மாமன் தடுத்து எந்த மருமகன் கேட்டிருக்கான்? வாங்குததை வெவரம் தெரிஞ்சு வாங்கணும்ல, அதுக்கு நாலு வார்த்தை. பேத்தி செல்போன்ல படிச்சுக் காட்டினதும் டீக்கடைப் பேப்பர்ல பாத்ததும் சேத்துத்தான் சொல்லுதேன்.

முதல்ல பூர்வோத்திரம் விசாரிப்போம். பொண்ணு எடுத்தா விசாரிக்கோம், நாய்க்கு வேண்டாமா? ஜெர்மனியில ராட்வைல்னு ஒரு ஊரு. அங்க கறிக்கடைக்காரங்க மாடு பத்திக்கிட்டுப் போகவும் கறிவண்டி இழுக்கவும் வளத்த நாய் அது. மாடு வித்த காசை நாய் கழுத்துல கட்டி விட்டுட்டு வருவாங்களாம், திருடன் கிட்ட அண்ட மாட்டானாம். கதையோ நெசமோ, கேக்க நல்லா இருக்கு. அப்புறம் ரயில் வந்துச்சு. மாடு ரயில் ஏறிப் போச்சு, நாய்க்கு வேலை போச்சு. 1900 வாக்குல வம்சமே அத்துப்போற நிலைமைக்கு வந்து, போலீசுல வேலை கிடைச்சதால பிழைச்சுது. ஆக, கறிவண்டி இழுத்த குடும்பத்துப் பிள்ளை. பக்கத்து வீட்டுல கருவாடு வறுத்தா ஊதுபத்தி கொளுத்துத ஆளு நீ. பொருத்தம் பாத்துக்கோ.

டாபர்மேன் வேண்டாமான்னு கேட்டேன். அது பழைய பேஷன்னுட்டே. ஆனா அதுக்கும் ஒரு கதை இருக்கு. அதே ஜெர்மனியில அபோல்டாங்கிற ஊர்ல லூயி டாபர்மேன்னு ஒருத்தர், நூத்துச் சொச்சம் வருசத்துக்கு முந்தி. வரி வசூல் பண்ணுத வேலை, தெருநாய் பிடிக்கிற வேலையும் கூடவே. வரி கேட்டுப் போற எடத்துல என்ன உபசாரம் கிடைக்கும்னு உனக்குத் தெரியாததா? துணைக்கு ஆகட்டும்னு பல நாயைக் கலந்து அவர் உண்டாக்கினதுதான் அது. வரி வாங்கப் போனவனுக்காகப் பிறந்த நாயை இன்னைக்கு வரி கட்டாதவன்தான் நெறைய வளக்கான்னு டீக்கடையில ஒருத்தன் சொன்னான். நான் சொல்லல, அவன் சொன்னான். உன் முகம் ஏன் மாறுது?

பிட்புல் சங்கதி அப்படிச் சிரிப்பா இல்ல. இங்கிலாந்துல காளையைக் கட்டிப்போட்டு அது மேல நாயை ஏவிவிட்டு வேடிக்கை பாத்திருக்காங்க. 1835-ல சட்டம் போட்டுத் தடுத்தாங்க. தடுத்ததும், நாயையும் நாயையும் மோதவிட்டுப் பந்தயம் கட்ட ஆரம்பிச்சுட்டாங்க. கடிச்ச பிடியை விடாத நாயாப் பாத்துப் பாத்துத் தலைமுறை தலைமுறையா இணை சேத்து வளத்த ரத்தம். நல்லா வளத்தா பசு மாதிரி இருக்கும்னு விக்கிறவன் சொல்லுவான். இருக்கும். நெறைய அப்படி இருக்கத்தான் செய்யுது. இல்லாமப் போற அன்னைக்கு அவன் போன் எடுக்கானான்னு பாரு.

நம்ம ஊர்லயும் நாய் இருந்துச்சு மருமகனே. சிப்பிப்பாறை, கன்னி எல்லாம் இந்தக் கரிசக்காட்டுல முயல் விரட்டின நாய். கிடை போட்ட எடத்துல ஆடு காத்த நாய் வேற. அதுகளுக்குச் சோறு போட்டவன் எவனும் அதைக் காட்டி நடந்ததில்ல, வேலை இருந்துச்சு, வச்சிருந்தான். 1972-ல வனவிலங்குச் சட்டம் வந்து முயல் வேட்டை நின்னதும் நம்ம நாய்க்கும் வேலை போச்சு. ராஜபாளையம் நாயைப் பாரு, 2005-ல தபால்காரங்க ஸ்டாம்பே போட்டாங்க. நம்ம பக்கத்துல ஸ்டாம்புல ஏறின மனுசன் எத்தனை பேர்? நாய் ஏறிருச்சு. அதைக் கொண்டாந்து தரட்டுமான்னு கேட்டதுக்கு, "மாமா, அது நம்ம ஊரு நாய்"ன்னு மூஞ்சியைச் சுளிச்சே. அதுக்கும் கோபம் வந்தா கை காலு மிஞ்சாது, தெரியும்ல? ஆனா பேர்ல வெளிநாடு இல்ல. விலையைச் சொன்னா பக்கத்து வீட்டுக்காரன் வாயைப் பொளக்க மாட்டான்.

அங்கதான் எனக்கு வெளிச்சமாச்சு. உனக்கு நாய் வேண்டியதில்ல, அடுத்தவன் பயம்தான் வேணும். ஆபீசுல மேனேஜர் ஏசுதான், வீட்டுல என் மருமக பாக்குத பார்வைக்கு நீ பம்முதே, டிராபிக்ல ஆட்டோக்காரன் கூட உன்னை மதிக்க மாட்டேங்கான். எல்லாத்துக்கும் ஈடா சாயங்காலம் அரை மணி நேரம் ஒரு தெருவே உன்னைப் பாத்து ஒதுங்கணும். சொந்தமா மீசை வளக்க நாளாகும், இது ஒட்டு மீசை. ஒரே ஒரு தொந்தரவு, ஒட்டு மீசைக்குப் பசிக்காது, இதுக்குப் பசிக்கும்.

அமெரிக்காவுல ஒஹையோ மாநிலத்துல இதை ஆராய்ச்சியே பண்ணியிருக்காங்க, 2006-ல வந்துச்சு. ஆபத்தான நாய் வச்சிருக்கவங்களையும் சாதுவான நாய் வச்சிருக்கவங்களையும் கோர்ட்டு ரிக்கார்டுல ஒப்பிட்டிருக்காங்க. அடிதடி, போதை, கடைசியில வண்டி ஓட்டி வாங்குத போலீஸ் கேசு வரைக்கும், முதல் கூட்டத்து மேலதான் கூடுதலா இருந்துச்சாம். உன்னைச் சொல்லல. உன் மேல சிக்னல் தாண்டின கேசு மட்டும்தானே?

அந்தஸ்துன்னா சீனாக்காரன்ட்ட கத்துக்கணும். திபெத்துல வீடும் மந்தையும் காத்துக்கிட்டுக் கிடந்த மாஸ்டிப் நாயைப் பணக்காரங்க கண்டுபிடிச்சாங்க. 2014-ல ஹாங்சோவுல ஒரு குட்டியை 1 கோடியே 20 லட்சம் யுவான் குடுத்து ஒருத்தர் வாங்கினார்னு உலகம் பூராப் பேச்சு. வாங்கினவர் ரியல் எஸ்டேட்காரராம், அதுல எனக்கு ஆச்சரியமில்ல. ரொம்ப நாள் போகல, மோகம் தீந்துச்சு, விலை விழுந்துச்சு. பண்ணைக்காரங்க தீனி போட முடியாம கைவிட்டதுல, இறைச்சிக்குப் போனது கொஞ்சம், திபெத்துப் பக்கம் தெருநாயாத் திரிஞ்சது மிச்சம். அதுக்கு முந்தி 2013-ல இன்னொரு கூத்து. லுவோஹேன்னு ஒரு ஊரு மிருகக்காட்சிச் சாலையில இந்த நாயைக் கூண்டுல அடைச்சு 'ஆப்பிரிக்கச் சிங்கம்'னு போர்டு மாட்டிட்டாங்க. பாக்க வந்த பிள்ளைக்கு முன்னால சிங்கம் குரைச்சிருச்சு. உன் கேட்டுல ஏற்கெனவே ரெண்டு சிங்கம் இருக்கு, யோசிச்சுக்கோ.

நம்ம பெங்களூர்லயும் 2025-ல ஒருத்தர் ஓநாய் கலந்த நாயை 50 கோடிக்கு வாங்கினேன்னு சொல்லப்போய், அமலாக்கத்துறை வீடு தேடி வந்துருச்சு. அவ்வளவு பணம் கைமாறினதுக்கு ஆதாரம் இல்லைன்னு பேப்பர்ல போட்டிருந்தான். வந்தவங்களைப் பாத்து எந்த நாயாவது குரைச்சுதான்னு மட்டும் போடல.

இனிமே சொல்லுததுல சிரிப்பு இல்ல. 2024 மே மாசம் சென்னையில ஆயிரம் விளக்குப் பக்கம் ஒரு மாநகராட்சிப் பூங்கா. ரெண்டு ராட்வைலர் சேர்ந்து அஞ்சு வயசுப் பெண்பிள்ளையைக் குதறிருச்சு. அந்தப் பூங்காவுக்குக் காவல் இருந்தவர் மக அவ. தலையில ஆபரேசன் பண்ண வேண்டி வந்துச்சு. மறு வருசம் ஆகஸ்டுல ஜாபர்கான்பேட்டையில ரோட்டுல போன மனுசரை பிட்புல் கடிச்சு, ஆளே போயிட்டார். பிடிச்சு நிறுத்தப் போன வளத்தவங்களுக்கும் கடி. ரெண்டு எடத்துலயும் நாய்க்கு யார் மேலயும் பகை இல்ல. அதைத் தெருவுக்குக் கொண்டாந்தவங்களுக்கும் இருந்திருக்காது.

சட்டம் என்ன சொல்லுதுன்னு கேட்டே. 2024 மார்ச்சுல மத்திய அரசு 23 வகை நாயை வளக்கக் கூடாதுன்னு மாநிலங்களுக்குக் கடுதாசி போட்டுச்சு, கர்நாடகா ஐகோர்ட்டு அடுத்த மாசமே ரத்து பண்ணிருச்சு. சென்னை மாநகராட்சி 2025 டிசம்பர்ல பிட்புல்லுக்கும் ராட்வைலருக்கும் புது லைசென்சு கிடையாதுன்னு தீர்மானம் போட்டுச்சு. மீறினா லட்ச ரூபா அபராதம். ஏற்கெனவே இருக்கதுக்கும் கயிறும் வாய்மூடியும் கட்டாயம். நீ உடனே, "மாமா, என் வீடு தாம்பரம் மாநகராட்சி"ன்னு கண்ணடிச்சே. கெட்டிக்காரன். எல்லைக்கல்லு எங்க இருக்குன்னு நாய்க்கும் ஒரு தடவை காட்டி வச்சுரு. நாயைக் கவனிக்காம விட்டு ஒருத்தருக்கு ஆபத்து வந்தா நியாய சன்ஹிதாவுல 291-ன்னு ஒரு பிரிவு, ஆறு மாசம் வரைக்கும் உள்ள, இல்ல 5000 ரூபா வரைக்கும் அபராதம், இல்ல ரெண்டும். குட்டி வாங்குத விலைக்கு அந்த 5000 தூசு. அதனாலதானோ என்னவோ உனக்குச் சட்டத்துல இவ்வளவு தெளிவு.

சரி, நாய் வந்தாச்சுன்னே வச்சுக்குவோம். திருடன் வர மாட்டான், ஒத்துக்கிடுதேன். பால்காரனும் வர மாட்டான். சிலிண்டர்காரன் தெருமுனையில எறக்கிட்டுப் போன் பண்ணுவான். கரண்டு ரீடிங் எடுக்க வாரவன் போன மாசக் கணக்கையே எழுதிட்டுப் போவான், அது உனக்கு லாபமாக்கூட இருக்கலாம். கல்யாணப் பத்திரிகை கொண்டாரவன் கேட்டு இடுக்குல செருகிட்டுப் போவான். வெத்தல பாக்கு வைக்காத அழைப்புக்கு நீ போவியா? துட்டி சொல்ல வந்தவன் சொல்லாமலே திரும்பிட்டா, எடுத்த பிறகுதான் உனக்குத் தெரியும். வருசம் ரெண்டு போனா கேட்டைத் தட்ட ஆளே இருக்காது. நாய் யாரைக் காக்கும்? அதுக்கும் போரடிக்கும். உனக்குச் சாயங்காலம் அரை மணி நேரம், அதுக்கு நாள் பூரா மாடிப்படிக்கு அடியில சங்கிலி. சென்னை வெயில்ல கட்டியே போட்டிருந்தா நாய் என்ன, நானும் கடிப்பேன்.

கடைசியா ஒண்ணு. 2022 ஜூலையில லக்னோவுல எண்பது வயசுப் பக்கம் ஒரு அம்மா, ரிடையர்டு டீச்சர். மகன் ஆசையா வளத்த பிட்புல்லே கடிச்சு அந்த அம்மா இறந்துபோச்சு. வேற யாரும் வீட்டுல இல்லாத நேரம். அதைப் படிச்சதுல இருந்து ஒரு கணக்குப் போட்டுப் பாக்கேன். நீ ஆபீசுக்குக் காலையில போனா ராத்திரி வாரே. மருமகளும் வேலைக்குப் போறா. பிள்ளைக பள்ளிக்கூடம். அப்போ பகல் பூரா அதுக்குத் தண்ணி வைக்கிறது, சோறு போடுதது, மலம் அள்ளுதது, கயிறு சிக்கினா எடுத்து விடுதது யாரு? எங்க அக்கா. முழங்கால் வலியோட கம்பூன்றி நடக்கவ.

அதனால லைசென்சு எழுதும்போது உன் பேரை எழுது, அக்கா பேரை எழுதிறாதே. நாய் வார அன்னைக்குக் காலையிலேயே அவளைக் கோவில்பட்டி பஸ்ல ஏத்திவிட்டுரு, ஸ்டாண்டுல நான் நிப்பேன். அவ மருந்து டப்பாவை மறக்காமக் குடுத்துவிடு. நாய்க்குக் கறிச்சோறு நீயே ஆக்கிப் போடு. ஆமா, உனக்கு அடுப்புப் பத்த வைக்கத் தெரியுமா?